வெட்டி ஒட்டிய வண்டிகள்: தென் கலிஃபோர்னியாவில் ஏழு நாள்

முதல் நாள், திங்கள். எல் மிராஜ்

“ஏரிக்குப் போலாங்களா மாப்பிள்ளை?” என்று கேட்டேன். “தூண்டில் வாங்கிக்கலாங்களா மாமா?” என்றார். தண்ணி இல்லாத ஏரி என்றதும், “அதுக்கு எதுக்குங்க இவ்வளவு தூரம் வந்தீங்க, நம்மூர்லயே பார்த்திருக்கலாமே” என்று சிரித்துக்கொண்டே சாவியை எடுத்தார்.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கஹோன் கணவாய் ஏறி மறுபக்கம் மொஹாவி பாலைவனத்தில் இறங்கினால் எல் மிராஜ். போய்ச் சேர்ந்தபோது வாயிற்கதவு பூட்டிக் கிடந்தது. முந்தின வாரம் மழையாம். தரை ஈரமாக இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். ஈரத்தில் சக்கரம் பதிந்தால் அந்தத் தடம் காய்ந்து கல்லாகிவிடும். பிறகு அதன்மேல் இருநூறு மைல் வேகத்தில் வருகிறவன் கதி அதோகதி. காய்ந்து கிடப்பதற்கென்றே பேர்போன ஏரி, நான் கடல் தாண்டி வந்த அன்றைக்கு நனைந்து கிடக்கிறது. என் ராசி அப்படி.

வேலியோரம் நின்று பார்த்தேன். களிமண் தட்டு, கண்ணுக்கெட்டிய தூரம் சப்பாத்திப் பலகை மாதிரி மட்டம். ஒரு செடி இல்லை.

நான் ஏன் இங்கே நிற்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கோவை கணபதியில் முப்பத்தி நாலு வருஷம் டிங்கரிங் பட்டறை வைத்திருந்தேன். எண்பதுகளின் கடைசியில் பழைய பேப்பர் கடையில் ஒரு அமெரிக்க கார் பத்திரிகை கிடைத்தது. அட்டை கிழிந்துபோய், நடுவில் ஒரு மெர்க்குரி காரின் படம். கூரை குனிந்து, கண்ணாடிகள் கண் இடுங்கின மாதிரி ஒடுங்கி, உடம்பு மொத்தமும் தரையோடு ஒட்டி இருந்தது. கம்பெனி அப்படிச் செய்திருக்க முடியாது என்பது பார்த்ததுமே தெரிந்தது. எங்கே வெட்டினான், எங்கே ஒட்டினான் என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். ஒட்டு தெரியவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்தேன். பட்டறையை மூடுகிற நாள்வரை அது அங்கேதான் இருந்தது.

இப்படிப் பழைய காரை வெட்டி ஒட்டி மாற்றுகிற கதை தொடங்கினது இந்த மாதிரி ஏரிகளில்தான். 1908 முதல் 1927 வரை ஃபோர்டு கம்பெனி ஒன்றரைக் கோடி மாடல் டி கார்களைச் செய்து தள்ளியது. முப்பதுகளில் அவை காயலான் கடைகளில் குவிந்து கிடந்தன. கையில் காசில்லாத பையன்கள் அதில் ஒன்றை வாங்கி, மட்கார்டைக் கழற்றி, பம்பரைக் கழற்றி, முன்கண்ணாடியைக் கழற்றி, எடை குறைத்து ஓட்டினார்கள். ஓட்டிப் பார்க்க இடம் வேண்டுமே? முரோக் என்று இன்னொரு வறண்ட ஏரி. அங்கே கூடிய கிளப்புகள் சேர்ந்து 1937-இல் தென் கலிஃபோர்னியா நேரக்கணிப்புச் சங்கத்தை உண்டாக்கின. பிறகு முரோக்கை ராணுவம் எடுத்துக்கொண்டது. இன்றைக்கு அது எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம். பையன்கள் எல் மிராஜுக்கு வந்தார்கள். அந்தச் சங்கம் இன்னும் இருக்கிறது, மே முதல் நவம்பர் வரை இங்கேதான் ஓடுகிறது.

கூரையை வெட்டிக் குறைத்ததும் முதலில் அழகுக்காக இல்லை. காற்று முட்டுகிற பரப்பு குறையட்டும் என்றுதான். உடம்பைச் சேசிஸ் என்கிற அடிச்சட்டத்துக்கு மேலே உட்கார வைக்காமல், தளத்தை வெட்டி சேசிஸைச் சுற்றி இறக்கினதும் அதே கணக்குதான். அழகு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. வேலை செய்த கையில்தான் எப்போதும் அழகு முதலில் தட்டுப்படும் என்பது என் அனுபவம். வரைகிறவனுக்கு அது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும்.

1932-இல் ஃபோர்டு வி-8 எஞ்சினைக் கொண்டுவந்தது. எட்டு சிலிண்டர், 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன், திறந்த மேல் வண்டியின் விலை 500 டாலருக்கும் கீழே. அதுவரை எட்டு சிலிண்டர் பணக்காரன் சமாச்சாரம். வால்வு எல்லாம் பிளாக்குக்குள்ளேயே, அதாவது சிலிண்டர்கள் இருக்கும் வார்ப்புக்குள்ளேயே இருப்பதால் தலை தட்டையாக இருக்கும். அதனால் ஃபிளாட்ஹெட் என்று பெயர். ஒரு கோளாறு உண்டு: புகை வெளியே போகும் வழி பிளாக்குக்கு நடுவே, தண்ணீர் ஓடும் அறைகளைத் தாண்டிப் போகிறது. அடுப்பைத் தண்ணித்தொட்டிக்குள் வைத்த மாதிரி. ரேடியேட்டர் கொதிக்கத்தான் செய்யும். அந்தக் கொதிப்போடு மல்லுக்கட்டியே ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் தொழில் கற்றுக்கொண்டார்கள்.

போர் முடிந்து திரும்பின பையன்கள் விமானம் பழுதுபார்த்தவர்கள், வெல்டிங் தெரிந்தவர்கள். ராணுவத்தின் மிச்சச் சாமான்கள் கழிவு விலைக்குக் கிடைத்தன. பில் பர்க் என்பவர் பசிபிக்கில் வேலை பார்த்தபோது போர்விமானத்தின் அடியில் தொங்கும் பெட்ரோல் டாங்கியைப் பார்த்து, இதற்குள் ஒரு ஆள் உட்காரலாமே என்று நினைத்தார். 1946-இல் அப்படியே செய்தார். அதற்குப் பிறகு பி-38 விமானத்தின் 315 காலன் டாங்கிக்குத்தான் கிராக்கி. கூர்மழுங்கிய பெரிய கண்ணீர்த்துளி ஒன்றுக்கு நாலு சக்கரம் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. 1952-இல் யூட்டா மாநிலத்து உப்புப் பாலைவனமான பான்வில்லில், சோ-கால் ஸ்பீடு ஷாப்காரர்களின் டாங்கி மணிக்கு 198 மைலைத் தொட்டது.

திரும்பும் வழியில் மாப்பிள்ளை, “ஏனுங்க மாமா, பூட்டின கேட்டைப் பார்க்கவா இருநூறு மைல் வந்தோம்?” என்றார். போக வர அவ்வளவு ஆகிவிட்டது. பதில் சொல்லவில்லை. செருப்பில் ஒட்டியிருந்த ஏரிக் களிமண்ணை ஒரு காகிதத்தில் சுரண்டி எடுத்து வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள், செவ்வாய். சான்டா ஃபே ஸ்பிரிங்ஸ்

இன்றைக்குச் சின்னக் குறிப்புதான். நேற்றைய தூக்கம் பாக்கி.

மூன் கம்பெனிக் கடை. மஞ்சள் எழுத்து, இரண்டு கண்கள் ஓரமாகப் பார்க்கிற மாதிரி அடையாளம். டீன் மூன் ஏரியில் ஓடி வளர்ந்த ஆள். அலுமினியத் தகட்டை லேத்தில் சுழற்றி அமுக்கிச் செய்த வட்டச் சக்கர மூடிதான் இவர்கள் பெயரைச் சொல்லும் சரக்கு. ஏரியில் காற்றுத் தடுப்பைக் குறைக்க வந்த மூடி, இன்றைக்கு வீட்டுக்கும் கடைக்கும் போகிற காரில் அழகுக்கு மாட்டிக்கொண்டு போகிறார்கள். 1962-இல் கரோல் ஷெல்பி என்ற பந்தயக்காரர் தன் முதல் கோப்ரா காரில் ஃபோர்டு எஞ்சினை இறக்கினதும் டீன் மூனின் பட்டறையில்தான். டீன் மூன் காலத்துக்குப் பிறகு கம்பெனியை வாங்கி நடத்துகிறவர் ஒரு ஜப்பானியர். யோகோஹாமாவில் ஒவ்வொரு டிசம்பரும் இவர்கள் நடத்தும் கண்காட்சிக்கு அமெரிக்கர்களே விமானம் ஏறிப் போகிறார்கள்.

இங்கே வந்ததில் ஒன்று தெளிவானது. ஐம்பதுகளில் பையன்கள் காயலான் கடையிலிருந்து சாமான் கடைக்கு மாறிவிட்டார்கள். முதலில் வண்டி ஓட்டினவனே தனக்கு ஒரு மேனிஃபோல்டு, அதாவது எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகிற குழாய், வார்த்தான். பக்கத்து வீட்டுக்காரன் எனக்கும் ஒன்று என்றான். பிறகு அச்சடித்த பட்டியல் வந்தது, தபாலில் அனுப்பினார்கள். விக் எடல்பிராக் 1938-இல் அப்படித்தான் தொடங்கினார். 1955-இல் ஷெவர்லே சின்ன வி-8 எஞ்சினைக் கொண்டுவந்தது. 265 கன அங்குலம், 162 குதிரைத்திறன், வால்வு மேலே, எடை குறைவு, கொதிப்புத் தொந்தரவும் இல்லை. ஃபிளாட்ஹெட்டின் கதை அதோடு முடிந்தது. ஃபோர்டு உடம்புக்குள் ஷெவர்லே இதயம். இரு கம்பெனி விசுவாசிகளும் இன்றுவரை இதற்காகச் சண்டை போடுகிறார்கள்.

நான் இரண்டு ஸ்டிக்கர் வாங்கினேன். மூடியின் விலையைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள், புதன். ஈயம்

இந்தப் பயணத்தில் நான் வந்ததே இந்த நாளுக்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

பொமோனாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறை. மாப்பிள்ளையின் அலுவலக நண்பர் மூலம் அனுமதி கிடைத்தது. தங்கள் பெயர் போட வேண்டாம் என்றார்கள், போடவில்லை. அறுபது வயசு மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர், அவரிடம் வேலை கற்கும் இருபத்தைந்து வயசுப் பெண் ஒருத்தி. உள்ளே நுழைந்ததும் வாசனையிலேயே நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். சூடு பட்ட இரும்பு, தின்னர், காபி. எங்கள் பட்டறையில் காபிக்குப் பதில் டீ, அவ்வளவுதான் வித்தியாசம்.

நடுவில் ஒரு மெர்க்குரி. என் சுவரில் இருந்த அதே 1949–51 உடம்பு. கூரையை வெட்டி இறக்கியிருந்தார்கள், பெயின்ட் கிடையாது, வெற்று இரும்பு. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த ஒட்டைப் பார்த்தேன். முன் தூணில் ஒன்று, கதவுக்குப் பின்னால் ஒன்று, பின் கண்ணாடியைச் சுற்றி ஒரு முழு வளையம்.

கூரையை நாலு அங்குலம் வெட்டி இறக்குவது என்றால் தூணில் நாலு அங்குலம் அறுத்துவிட்டு வெல்டிங் வைப்பது என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். தூண்கள் நேராக நிற்பவை அல்ல, மேலே போகப் போக உள்பக்கம் சாய்பவை. நாலு அங்குலம் எடுத்ததும் மேல்பாதி கீழ்ப்பாதியோடு பொருந்தாது. முன்பக்கம் இழுத்தால் பின்பக்கம் விலகும். அதனால் பின் கண்ணாடியைச் சட்டத்தோடு தனியாக வெட்டியெடுத்து, முன்னால் சாய்த்து, இடைவெளிக்குத் தகடு தட்டி நிரப்ப வேண்டும். கதவின் மேல்சட்டம், கண்ணாடி, ரப்பர் எல்லாம் புதிதாக. சாம் பாரிஸ் என்பவர் 1949 மெர்க்குரியைப் புத்தம் புதிதாக வாங்கி இதைச் செய்தார். கடன் தவணை முடியாத வண்டியின் கூரையை ரம்பம் வைத்து அறுக்கிற தைரியத்தை நினைத்துப் பார்த்தேன்.

அவரும் தம்பி ஜார்ஜ் பாரிஸும் சேர்ந்து நடத்திய கடையில் 1952-இல் பாப் ஹிரோஹாட்டா என்ற இளைஞருக்காக ஒரு 1951 மெர்க்குரி உருவானது. முன்னால் 4 அங்குலம், பின்னால் 7 அங்குலம் வெட்டு, நடுத்தூண் கிடையாது, பக்கவாட்டில் பியூக் காரின் பட்டை, இரண்டு பச்சை. 1959-இல் அதைப் பள்ளி மாணவர் ஒருவர் 500 டாலருக்கு வாங்கினார். 2022 ஜனவரி ஏலத்தில் அதே வண்டி 19.5 லட்சம் டாலருக்குக் கேட்கப்பட்டது. பெரியவர் இதைச் சொல்லிவிட்டு, பெஞ்சில் கிடந்த ஈயக் கட்டியை எடுத்து என் கையில் வைத்தார்.

பட்டி வராத காலத்தில் ஒட்டை மறைக்க ஈயம்தான். எழுபது பங்கு ஈயம், முப்பது பங்கு வெள்ளீயம். இந்தக் கலவையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 183 டிகிரியில் இளக ஆரம்பிக்கும், ஆனால் முழுசாகத் தண்ணீராக ஓட 250-ஐத் தாண்ட வேண்டும். நடுவில் இருக்கும் அந்த எழுபது டிகிரிக்குள் அது வெண்ணெய் மாதிரி இருக்கும். தொழில் முழுக்க அந்த வெண்ணெய்ப் பதத்தில்தான். நம்மூரில் பாகு பதம் பார்க்கிறவர்களுக்குச் சட்டென்று புரியும்: கம்பிப் பதம் தப்பினால் மைசூர்பாகு கல்லாகும், முன்னால் எடுத்தால் அல்வா.

பெண் செய்து காட்டினாள். முதலில் இரும்பைப் பளபளவென்று தேய்த்தாள். அதில் ஒரு கூழைத் தடவி, சூடு காட்டித் துணியால் துடைத்ததும் இரும்பின்மேல் வெள்ளிப் பூச்சு மாதிரி வெள்ளீயம் பிடித்துக்கொண்டது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் செய்வதேதான். அப்புறம் இடது கையில் கேஸ் டார்ச், தீ நீலமாகச் சீறாமல் மஞ்சளாக, மெத்தென்று. வலது கையில் ஈயக் கட்டி. நுனி தொய்ந்ததும் இரும்பில் அழுத்தித் திருகினாள், ஒரு கொத்து ஒட்டிக்கொண்டது. இப்படி ஏழெட்டு. பிறகு மெழுகில் முக்கின கடினமரக் கரண்டியால் அந்தக் கொத்துகளைப் பரப்பினாள். தீயை விலக்கி, காட்டி, விலக்கி, காட்டி. கரண்டி போகிற வழியெல்லாம் ஈயம் வழுக்கிக்கொண்டு படிந்தது.

“நீங்க செய்யுங்க” என்றார் பெரியவர். செய்தேன். ஒரு விநாடி தீயைக் கூடுதலாகக் காட்டிவிட்டேன். மொத்தமும் தண்ணீராகி, தூணிலிருந்து வழிந்து, என் ஷூவின் முனையில் விழுந்தது. இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அந்த மரியாதைக்கு நன்றி. இரண்டாவது தடவை நின்றது.

ஆறினதும் அரம். பற்கள் பிறை பிறையாக வளைந்த அரம், உளி சீவுகிற மாதிரி சுருள் சுருளாக ஈயத்தை எடுக்கும். எமரி காகிதம் தொடக்கூடாது, ஈயத் தூள் நெஞ்சுக்குள் போய்விடும் என்று பெரியவர் கண்டிப்பாகச் சொன்னார். பழைய ஆட்கள் அதைக் கேட்காமல் தேய்த்தார்கள், அனுபவித்தார்கள். கடைசியில் சோடா மாவுத் தண்ணியால் கழுவ வேண்டும். முதலில் தடவின கூழின் அமிலம் மிச்சம் இருந்தால் ஆறு மாதம் கழித்துப் பெயின்ட் கொப்புளிக்கும். கொப்புளித்த பெயின்டுக்கு வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது எங்கள் ஊரிலும் உண்டு.

ஐம்பதுகளின் நடுவில் பாலியெஸ்டர் பட்டி வந்ததும் இந்தக் கலை சுருங்கிப் போனது. பட்டி மோசம் என்று சொல்லமாட்டேன். முப்பத்தி நாலு வருஷம் அதில்தான் சோறு தின்றேன். எங்களிடமும் கை சுத்தம் இல்லாதவன் ஒரு அங்குலம் கனத்துக்குப் பட்டி போட்டுவிட்டு நல்ல டிங்கர் என்று பேர் வாங்கினான். ஈயத்தில் அந்தப் பித்தலாட்டம் கஷ்டம். அடியில் தகடு சரியாக இல்லாவிட்டால் ஈயம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு விஷயம் என்னை ஆச்சரியப்படுத்தியது. ஈயத்தை முடித்துக் கையைக் கழுவிவிட்டு அந்தப் பெண் மேஜையில் இருந்த கைக்கருவி ஒன்றை எடுத்துக் கதவின்மேல் ஓட்டினாள். கம்ப்யூட்டர் திரையில் கதவு முப்பரிமாணமாக வந்தது. இடது கதவை ஸ்கேன் செய்து, கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி, வலது கதவோடு ஒப்பிடுகிறாள். எங்கே எத்தனை மில்லிமீட்டர் வித்தியாசம் என்று நிறத்தில் காட்டுகிறது. “அந்தக் காலத்துல இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்ததே இல்லைங்க” என்று பெரியவர் சொன்னதை மாப்பிள்ளை மொழிபெயர்த்தார். “ஒரு பக்கம் அண்ணன் செய்வான், மறுபக்கம் தம்பி செய்வான். ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்தையும் எவன் பார்க்கப் போறான்?”

நான்காம் நாள், வியாழன். அருங்காட்சியகம்

வில்ஷையர் சாலையில் பீட்டர்சன் அருங்காட்சியகம். கட்டடம் 1962-இல் ஜப்பானியப் பல்பொருள் அங்காடிக்காகக் கட்டினதாம். இப்போது சிவப்புச் சுவரின்மேல் ஸ்டீல் பட்டைகள் அலையலையாக ஓடுகின்றன. உள்ளே வண்டிகளுக்குக் குறைவில்லை, என் முழங்காலுக்குத்தான் குறை.

ராபர்ட் பீட்டர்சன் பணம் சம்பாதித்த விதம் இந்தக் கதையின் ஒரு திருப்பம். 1948 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த கார் கண்காட்சி வாசலில், 25 சென்ட்டுக்கு ‘ஹாட் ராட்’ என்ற பத்திரிகையின் முதல் இதழைக் கையில் வைத்து விற்றார். அதுவரை ஹாட் ராட் என்றால் தெருவில் தறுதலைகள் ஓட்டும் வண்டி என்று பெயர். அதே பத்திரிகையின் ஆசிரியரான வாலி பார்க்ஸ் 1951-இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கி, தெருப் பந்தயத்தை ஓடுதளத்துக்குக் கொண்டுபோனார். அயோவாவில் இருக்கும் பையனும் கலிஃபோர்னியா வண்டியைப் படத்தில் பார்த்து அதேபோல் கட்ட ஆரம்பித்தான். கணபதியில் நான் பார்த்த மாதிரி.

அறுபதுகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான். எட் ராத் ஜிப்சம் அச்சின்மேல் கண்ணாடியிழை போர்த்தி, தகடே இல்லாமல் உடம்பு செய்தார். வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம், கற்பனை எங்கே போகிறதோ அங்கே வண்டி போகும். எனக்கு அந்த வண்டிகள் பிடிக்கவில்லை. பொம்மைகள். அதே சமயம் 1964 முதல் டெட்ராய்ட் கம்பெனிகளே பெரிய எஞ்சின் போட்ட வண்டிகளை ஷோரூமில் விற்றன. காசு கொடுத்தால் வேகம் கிடைக்கும்போது எவன் இரவெல்லாம் பட்டறையில் கிடப்பான்? பழைய ஃபோர்டுகள் ஷெட்டுக்குள் போய்விட்டன. 1970-இல் இல்லினாய் மாநிலத்துப் பியோரியாவில் நாடெங்கும் இருந்து பழைய வண்டிக்காரர்கள் கூடினார்கள். அப்போது அவர்கள் பையன்கள் இல்லை, பிள்ளைகுட்டிக்காரர்கள். குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகிற வண்டி வேண்டும், ஏசி வேண்டும், இடுப்பு நோகக்கூடாது. குறுக்குக் கமான் பட்டையைக் கழற்றிவிட்டு, எழுபதுகளின் மஸ்டாங் 2 காரின் முன் சஸ்பென்ஷனை மாட்டினார்கள். இன்றுவரை அந்த அமைப்பின் நகல்கள்தான் அதிகம் விற்கின்றன.

ஐந்தாம் நாள், வெள்ளி. பர்பாங்க்

ரிவர்சைடு டிரைவில் பாப்ஸ் பிக் பாய். 1949-இல் கட்டின சாப்பாட்டுக் கடை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாகன நிறுத்துமிடம் முழுக்க பழைய வண்டிகள். நுழைவுச்சீட்டு கிடையாது, பரிசு கிடையாது. வருகிறவன் வருவான், பானெட்டைத் திறந்து வைப்பான், பர்கர் தின்பான். ஊர்த் திருவிழாவில் கடைசி நாள் கூட்டம் மாதிரி நிதானமான கூட்டம்.

மூலையில் துருப்பிடித்த ஃபோர்டு மாடல் ஏ ஒன்று நின்றது. பெயின்ட் இல்லை, வெல்டிங் தழும்புகள் அப்படியே புடைத்துக்கொண்டு தெரிகின்றன, கியர் தண்டின் தலையில் ஒரு குழாய்க் கைப்பிடி. ராட் ராட் என்று ஒரு வகை, எலி வண்டி என்று சொல்லலாம். தொண்ணூறுகளில் லட்சக்கணக்கில் செலவழித்த பளபளப்பு வண்டிகளைப் பார்த்துச் சலித்த பையன்கள் தொடங்கி வைத்தது. முகத்தில் அடிக்கிற மாதிரி ஏழை வண்டி. என் ஆயுளை ஒட்டை மறைப்பதில் கழித்தவன் நான். இங்கே ஒட்டைக் காட்டுவதுதான் அலங்காரம். முதலில் கோபம்தான் வந்தது. குனிந்து பார்த்தேன். சில துருக்கள் நிஜம், சில துருக்கள் பூசினவை, மேலே மேட் வார்னிஷ் அடித்துப் பத்திரமாக வைத்திருக்கிறான். துருவைக் கூடக் கடையில் வாங்குகிற காலம். மாப்பிள்ளையிடம் சொன்னேன், அவர் கிழித்துவிட்ட மாதிரி விற்கும் தன் ஜீன்ஸைக் காட்டினார்.

ஆறாம் நாள், சனி. பொமோனா

கிராண்ட் நேஷனல் ரோட்ஸ்டர் ஷோ. ரோட்ஸ்டர் என்றால் திறந்த மேல் வண்டி. 1950-இல் ஆக்லாந்தில் தொடங்கி, 2004 முதல் பொமோனாவில் நடக்கிறது. பல பெரிய கூடங்கள். நடுநாயகம் ‘அமெரிக்காவின் மிக அழகான ரோட்ஸ்டர்’ பரிசு. கோப்பை ஒன்பது அடி, என்னைவிட மூன்றரை அடி உயரம்.

1950-இல் முதல் பரிசு வாங்கினவர் பில் நீகேம்ப். 1929 ஃபோர்டு உடம்பு, எஸெக்ஸ் காரின் சேசிஸ். பரிசு வாங்கின வண்டியை எல் மிராஜுக்குக் கொண்டுபோய் மணிக்கு 142 மைல் ஓட்டினார். இன்றைக்கு நான் பார்த்த போட்டி வண்டிகளின் அடிப்பாகத்தில் கண்ணாடி வைத்திருக்கிறார்கள், கீழேயும் குரோம் மின்னுகிறது. திங்கட்கிழமை என் செருப்பில் ஒட்டின களிமண் அந்தக் கூடத்துக்குள் விழுந்தால் போலீசைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

ஒரு 1932 ஃபோர்டு. கருப்பு. சுற்றிச் சுற்றி வந்தேன், ஒட்டைத் தேடி. இல்லை. கதவு இடுக்கில் விரலை விட்டேன். (தொடக்கூடாது என்று பலகை இருந்தது. தமிழில் இல்லையே.) இல்லை. உடம்பு மொத்தமும் புதுசு என்று உரிமையாளர் பிறகுதான் சொன்னார். ஓஹயோவில் ஒரு கம்பெனி 1932 உடம்பைத் தகட்டில் புதிதாக அடித்து விற்கிறது. சேசிஸ் ஒரு கடை, எஞ்சின் பெட்டியில் வருகிறது, சக்கரம் அலுமினியக் கட்டியிலிருந்து கம்ப்யூட்டர் கடைந்தது. இந்தக் கட்டி அலுமினிய மோகம் எண்பதுகளில் பாய்ட் காடிங்டன் என்ற ஆரஞ்ச் கவுன்டி பட்டறைக்காரர் கிளப்பிவிட்டது. வடிவம் 1932, ஆனால் ஹென்றி ஃபோர்டு தொட்ட ஒரு திருகாணிகூட அதில் இல்லை.

இதை எந்த வருஷ வண்டியாகப் பதிவது? கலிஃபோர்னியா அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. இப்படித் தனியாகக் கட்டின வண்டிகளில், ஒவ்வொரு ஆண்டும் முதலில் விண்ணப்பிக்கும் 500 பேருக்கு மட்டும் பழைய மாடல் வருஷப்படி புகைச் சோதனை. ஜனவரி பிறந்ததும் பள்ளிக்கூட அட்மிஷன் மாதிரி முந்துகிறார்களாம். நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்ததை மாற்றாதே என்பதோடு பேச்சை முடித்துவிடுகிறது. இதில் யார் செய்வது சரி என்று நான் பட்டிமன்றம் வைக்கவில்லை. எங்கள் பட்டறையில் ஜீப்பை நீட்டித்தரச் சொல்லி வந்தவர்களைத் திருப்பி அனுப்பின நாட்கள் மட்டும் நினைவுக்கு வந்தன.

விலை கேட்டேன். அவர் சொன்ன தொகையில் கணபதியில் இரண்டு வீடு கட்டலாம். “இவர் என்னங்க செஞ்சார் இதுல?” என்று மாப்பிள்ளை காதில் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் முழு நியாயம் இல்லை. கதவும் உடம்பும் சேரும் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரு நூல் பிசகவில்லை. புதுத் தகடு என்பதற்காக அது தானாக வராது. யாரோ ஒரு டிங்கர், பெயர் போடாத ஆள், வாரக்கணக்கில் விளிம்பில் கம்பி வைத்து வெல்டிங் பண்ணி, அரம் போட்டு, மறுபடி வைத்துப் பார்த்திருக்கிறான். பலகையில் உரிமையாளர் பெயர் பெரிதாக இருந்தது, டிசைன் செய்தவர் பெயர் இருந்தது, பெயின்ட் கம்பெனி பெயர்கூட இருந்தது.

பானெட்டுக்குள் எஞ்சினே இல்லாத ஒரு வண்டியும் பார்த்தேன். மின்மோட்டார். 2021-இல் ஃபோர்டே 281 குதிரைத்திறன் மோட்டாரைத் தனிச் சாமானாக 3,900 டாலருக்கு விற்றது, பேட்டரி தனி. ஃபிளாட்ஹெட்டைப் போல நாலு மடங்குக்கும் மேல், கொதிப்பும் இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு தாத்தா அதைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே போனார். 1955-இல் ஷெவர்லே எஞ்சினைப் பார்த்து இவருடைய அப்பா இதேபோல் தலையை ஆட்டியிருப்பார்.

ஏழாம் நாள், ஞாயிறு. விட்டியர் புலவார்

கிளம்புகிற நாள். ராத்திரி விமானம். மகள் பெட்டி கட்டச் சொல்லியும் கேட்காமல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தோம். மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களின் லோரைடர் என்கிற தரை தட்டும் தாழ்ந்த வண்டிகள் இங்கேதான். வெள்ளைக்காரப் பையன் ஏரியில் வேகத்துக்கு வெட்டினான் என்றால், இவர்கள் மெதுவாகப் போவதற்காக வெட்டினார்கள். ஊர்வலத்தேர் வேகம், யாரும் அவசரப்படக் கூடாது.

1958-இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது: வண்டியின் எந்தப் பாகமும் சக்கர ரிம்மின் அடிமட்டத்துக்குக் கீழே போகக்கூடாது. ரான் அகிரே என்ற இளைஞர் 1959-இல் தன் ஷெவர்லே கார்வெட் காரில் கழிவு விலை விமான ஹைட்ராலிக் பம்புகளை மாட்டினார். போலீஸ் தெரிந்தால் சுவிட்ச், வண்டி எழுந்து நிற்கும். போலீஸ் போனால் சுவிட்ச், வண்டி உட்காரும். பிறகு நகரங்கள் உலா போவதையே தடை செய்தன. அந்தத் தடைகளையும் 1958 கட்டுப்பாட்டையும் நீக்கின சட்டம் 2024 ஜனவரி 1-இல்தான் அமலுக்கு வந்தது.

திராட்சை நிற 1964 ஷெவர்லே இம்பாலா ஒன்றின் டிக்கியில் எட்டு பேட்டரிகளும் இரண்டு பம்புகளும் வரிசையாக இருந்தன. உரிமையாளர் என் வயசுக்காரர், பேரன் தோளில். நான் டிக்கி ஓரத்தில் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பதைக் கவனித்து என்ன தேடுகிறேன் என்று கேட்டார். மாப்பிள்ளை சொன்னார். அவர் என் கையைப் பிடித்து, பின் மட்கார்டின் உட்பக்கமாக விரலை நுழைக்க வைத்தார். ஒரு வரி. லேசாகப் புடைத்து, கை ஜாண் நீளத்துக்கு. 1992-இல் ஒருத்தன் வந்து இடித்தானாம், அவரும் மச்சானும் வீட்டுக் கொல்லையிலேயே வேறு வண்டியின் தகட்டை வெட்டி ஒட்டினார்களாம். வெளியே தடவினேன். ஒன்றும் தெரியவில்லை.

“கேஸா, ஆர்க்கா?” என்றேன். மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. “கேஸ்” என்றார்.

சுவிட்சை என்னிடம் கொடுத்தார். அழுத்தினேன். வண்டியின் முன்பக்கம் ஒரு மூச்சு விட்டுக்கொண்டு எழுந்தது. பேரன் கை தட்டினான். மாப்பிள்ளை மணி பார்த்தார். நான் இன்னொரு தடவை அழுத்தினேன்.